பெரிசைப் போட்டுடலாம்

அத்தியாயம் 4

மொட்டைமேட்டில் பாதி தூரம் ஏறியதும் மோட்டார் காடி இருமியது, குலுங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

"இறங்கித் தள்ளு ஜார்ஜு" என்றார் மருதமுத்து அண்ணன்.

"துப்பறியத்தான அண்ணே கூட்டிட்டு வந்தீங்க? மாடு வேணும்னா மாட்டையே பிடிச்சிருக்கலாம் லா."

"மாடு இவ்வளவு பேசாது. இறங்கு."

இறங்கினேன். ஏற்கெனவே எனக்கு எரிச்சல். மலாக்காவிலிருந்து வரும் வழியில் இரண்டு இடத்தில் சாலையை மறித்து அடையாளக் கார்டு பார்த்தார்கள். ரப்பர் தோட்டத்து முள்வேலிக் கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டான். அவசரகாலச் சட்டமாம். சாப்பாடு எதுவும் உள்ளே போனால் காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தேன். அவன் மென்றுகொண்டிருந்தான். யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாதா?

காடியை ஓட்டி வந்தவர் எங்களிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர், மொட்டைமேட்டுத் தோட்டத்தின் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி ரங்கசாமி. ஆபீசில் துரைக்கு அடுத்த நாற்காலி அவருடையது. மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. காடி போருக்கு முந்தையது, ஏழு குதிரைச் சக்தி. பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பால்வெட்டு முடித்த பெண்கள் வாளியோடு வந்து, நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ரங்கசாமி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். முகம் சுருங்கிப்போனது.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றார் மெதுவாக. "அவளுக்கு இந்த வெயில் ஆகாது."

"வீட்டுல அம்மாவுக்கு உடம்பு முடியலையா ஐயா?"

"ஆங்? ஆமா... இல்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க தள்ளுங்க."

தள்ளினேன். தள்ளிக்கொண்டே வழக்கை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

போன வாரம் தோட்டத்து மெக்கானிக் ஜெயராஜைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தோட்ட மேனேஜரான பெரிய துரையைக் கொல்லவும் அவருக்கு உதவியாளான சின்ன துரையைக் கடத்தவும் திட்டம் போட்டானாம். ஒட்டுக்கடை என்கிற சின்னக் கோப்பிக் கடைக்குப் பின்னால் அவன் இன்னொருவனோடு பேசியதை ஒரு அம்மா கேட்டுவிட்டாளாம். விசாரணை, வக்கீல் என்று எதுவும் கிடையாது. இந்தியாவில் பிறந்தவன் என்பதால் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே கிடக்க வேண்டியதுதான்.

முந்தின நாள் ரங்கசாமி மலாக்கா தெங்கேராவில் மாடியிலிருக்கும் எங்கள் ஆபீசுக்கு வந்தார். "ஜெயராஜ் தங்கமான பையன். அவன் பேசுனதுக்கு வேற அர்த்தம் இருக்கும். அதை மட்டும் கண்டுபிடிச்சு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லிடுங்க. கூடப் பேசுன ஆளை எல்லாம் தேடிட்டு அலைய வேணாம்" என்றார்.

அவர் போனதும் அண்ணன் கேட்டார்: "ஆளு வேணாம், அர்த்தம் மட்டும் போதும்னு சொல்ற கட்சிக்காரனை நீ பார்த்திருக்கியா?" மருதமுத்து அண்ணன் பல வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கொலையாளியின் முகத்தைப் பார்க்கமாட்டார், அவன் வார்த்தையைத்தான் பார்ப்பார். நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். நான் கையைப் பார்ப்பேன்.

எங்களை ஒட்டுக்கடை வாசலில் இறக்கிவிட்ட ரங்கசாமி, "நான் மெக்கானிக் பட்டறைகிட்ட நிக்கிறேன்" என்று காடியோடு போய்விட்டார். கடைக்குள் வரவேயில்லை.

பேச்சைக் கேட்ட இருசம்மாள் அந்தக் கடையில்தான் வேலை செய்கிறாள். கண்ணில் இன்னும் பயம் இருந்தது.

"சொல்லுங்கக்கா, அன்னைக்கு என்ன கேட்டீங்க?"

"மத்தியானம் தம்பி. கடையில ஒரு ஈ காக்கா இல்ல. நான் உள்ள கிளாஸ் கழுவிட்டு இருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பேரு. ஒண்ணு மெக்கானிக்குத் தம்பி, அது குரல் எனக்குத் தெரியும். இன்னொருத்தரு குசுகுசுன்னே பேசுனாரு. யாருன்னு பிடிபடல."

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்க."

இருசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். "'சின்னது பாதி மேட்டுலயே உயிரை விடுது. சின்னதைத் தூக்கிட்டுப் பெரிசைப் போட்டுடலாம்'னுச்சு மெக்கானிக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அதுக்கு முந்தின வாரந்தான் அந்த மேட்டுல சின்ன தொரையச் சுட்டாங்க. தப்பிச்சதே பெரும்பாடு."

"அப்புறம்?"

"'பெரிசைப் போடணும்னா மூக்கை வெட்டணும், காலுக்கு ரெண்டு இரும்பு வைக்கணும்'னுச்சு."

"ஐயோ சாமி" என்றேன் நான். "கொல்லப் போறவன் மூக்குல எதுக்கு வேலை வைக்கிறான்?"

"சும்மா இரு ஜார்ஜு. இன்னும் என்னக்கா?"

"'பெரிசைப் போட்டுட்டா அப்புறம் நிறுத்துறது கஷ்டம். அதான் எனக்குப் பயமா இருக்கு'ன்னுச்சு. அதுக்கு அந்த இன்னொருத்தரு, 'மூக்கை வெட்டுனா அவ மூஞ்சி என்னாவுறது? அவ தாங்குவாளா?'ன்னு கேட்டாரு. அழுவுற மாதிரி இருந்துச்சு. 'அவ'ன்னா பொம்பளைதான்னு நான் சொன்னேன், அதான் இதுல ஒரு பொம்பளையும் கூட்டுன்னு போலீஸ்ல சொல்றாங்க."

"துரைங்களைத்தான் சொன்னாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

இருசம்மாள் எங்களைப் பாவமாகப் பார்த்தாள். "தோட்டத்துல பெரிசு, சின்னதுன்னா வேற யாரு தம்பி? பெரிய தொரை, சின்ன தொரை. அதுவும் 'விடுது', 'சின்னது'ன்னு ஒரு மரியாதை இல்லாம பேசுனாங்க. காட்டுக்காரனுங்கதான் தொரைய அப்படிப் பேசுவானுங்க."

"போலீஸ்கிட்ட நீங்க தமிழ்லதான சொல்லியிருப்பீங்க. மலாய்ல எடுத்துச் சொன்னது யாரு?"

"நம்ம பெரிய கிராணி ஐயாதான். பக்கத்துல நின்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. பாவம், அவருக்கே வேர்த்து ஊத்திருச்சு."

அண்ணன் வாய்க்குக் கொண்டுபோன கோப்பியை அப்படியே கீழே வைத்தார். பிறகு அதைக் குடிக்கவேயில்லை. நான் குடித்தேன்.

பட்டறைக்கு நடக்கும்போது கேட்டார்: "ஸ்கூல்ல இலக்கணம் படிச்சியா?"

"படிச்சேன், அடி வாங்கினேன், விட்டுட்டேன்."

"'உயிரை விடுது.' என்ன திணை?"

"அஃறிணை."

"அக்கா அதை மரியாதைக் குறைச்சல்னு எடுத்துக்கிட்டாங்க. அது நிஜமாவே அஃறிணையா இருந்தா? மலாய்ல 'அவரு'க்கும் 'அது'வுக்கும் ஒரே வார்த்தை, அந்த வித்தியாசமே போயிடும். துரையும் 'டியா'தான், கோழியும் 'டியா'தான். அப்புறம் இன்ஸ்பெக்டருக்கு எப்படி விளங்கும்?"

"அப்ப கோழியாண்ணே? பெரிய கோழி, சின்னக் கோழி?"

"கோழிக்குக் கால்ல எதுக்குடா இரும்பு?"

பட்டறை என்றால் நாலு கம்பும் தகரக் கூரையும்தான். ரங்கசாமி வெளியே மர நிழலில் காடிக்குள் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஜெயராஜின் மனைவி அகதா நின்றாள். ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

"அவரு பேசினதை ஒத்துக்கிட்டாராம் சார். 'பேசுனது நான்தான், பேச்சு தப்பில்ல, கூட இருந்தவரு யாருன்னு மட்டும் கேக்காதீங்க'ன்னாராம். வேற வாயே திறக்கலையாம். நாளைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. அந்தப் பேச்சுல வந்த 'அவ' நான்தானாம்." இடுப்புப் பிள்ளையை ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். "அவரு தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவரு. நாலு வயசுல வந்தாரு. அங்க எங்களுக்கு யாரைத் தெரியும்? என்னையும் பிடிச்சுட்டா செர்காம் ஊர்ல இருக்கிற எங்கம்மாகிட்ட பிள்ளைங்களைக் கொண்டுபோய் விடக்கூட ஆளில்ல சார்."

 பார்வையைத் திருப்பினேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கூரைக் கட்டையில் சங்கிலி மாட்டி, சாக்குப் போட்டு மூடி ஏதோ தொங்கியது. சாக்கை விலக்கினேன். இஞ்சின்.

"போலீஸும் பார்த்தாங்க, பழைய இரும்புன்னு விட்டுட்டாங்க" என்றாள் அகதா. "பத்துக் குதிரையாம். தெங்கேரா பழைய சாமான் கடையிலேருந்து கொண்டு வந்தாரு. யாருக்குன்னு கேட்டேன். 'ஒருத்தரோட மானப் பிரச்சினை, கேக்காத'ன்னாரு."

"அண்ணே!" நான் கத்தியதில் பிள்ளை பயந்து அழுதது. "சின்னதைத் தூக்கிட்டுப் பெரிசைப் போடறது! சின்ன இஞ்சினைக் கழட்டித் தூக்கிட்டு இதைப் போடறது! இது நீளம், மூடிக்குள்ள அடங்காது. அதான் மூக்கை வெட்டணும். உக்கார வைக்கக் கால் ரெண்டு இரும்புல செய்யணும். போட்டுட்டா ஏறிடும், ஆனா பிரேக்கு அதே பழைய பிரேக்கு. இறக்கத்துல நிறுத்த முடியாது. அதான் ஜெயராஜுக்குப் பயம்!"

"கண்டக்டர் வேலை வீண் போகல" என்றார் அண்ணன். அவர் சிரிக்கவில்லை. "சரி, இவ்வளவுதான் விஷயம்னா ஜெயராஜ் 'இஞ்சினைப் பத்திப் பேசினேன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சொன்னா, யாரு காடிக்குன்னு கேப்பாங்க."

"கேட்டா?"

"இந்தத் தோட்டத்துல மேட்டுல நிக்கிற காடி ஒண்ணே ஒண்ணுதான். பேரே சொல்ல வேணாம். எல்லாருக்கும்..." நான் மர நிழலில் நின்ற காடியைத் திரும்பிப் பார்த்தேன்.

அண்ணன் அகதாவிடம் திரும்பினார். "கிராணி ஐயா வீட்டம்மாவுக்கு உடம்பு எப்படியிருக்கும்மா?"

"அந்தம்மா ஜப்பான்காரன் காலத்துலயே காய்ச்சல்ல போய்ட்டாங்களே சார். ஐயா தனியாத்தான் இருக்காரு."

அப்படியானால் வெயில் ஆகாத அவள் யார்? காலையில் அந்த வார்த்தையைச் சொன்னபோது அவர் கை காடியின் ஸ்டீயரிங்கைத்தான் பிடித்திருந்தது. 

"நம்ம ஆளுங்க 'காடி வருது, காடி நின்னுருச்சு'ம்போம்" என்றார் அண்ணன். "காடியைப் பொம்பளையா நினைச்சு 'அவ'ங்கிறது வெள்ளைக்காரன் பேச்சு. பழைய துரை காடியைக் கொடுத்தப்ப அந்தப் பேச்சையும் சேர்த்துக் கொடுத்துட்டுப் போயிருக்கான். வா."

ரங்கசாமி எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். கதவைத் திறந்து பாதி இறங்கி, மறுபடி உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"அர்த்தம் கிடைச்சிருச்சு ஐயா" என்றார் அண்ணன். "ஆளைத் தேட வேணாம்னு சொன்னீங்க. தேடல. அதுவும் கிடைச்சிருச்சு."

"மெதுவாப் பேசுங்க. அந்தப் பொண்ணு காதுல..."

"நான் இங்கதான் நிக்கிறேன் ஐயா" என்றாள் அகதா.

 ரங்கசாமி ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அரிசி லாரிங்க துப்பாக்கிக்காரங்க காவலோட வரும். நானும் அந்த வரிசையிலதான் வரணும். அன்னைக்கு இந்த மேட்டுல இவ நின்னுட்டா. பின்னால எல்லாம் நின்னுருச்சு. அந்த நேரத்துலதான் காட்டுலேருந்து சுட்டாங்க, சின்ன தொரை தோள்ல உரசிட்டுப் போச்சு. பெரிய தொரை அத்தனை ஜனத்துக்கு முன்னால என்னை இறக்கித் தள்ளச் சொன்னாரு. 'இந்தப் பொம்மை இன்னொரு தடவை நின்னா நீ நடந்து வா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. என் கீழ வேலை செய்யறவங்க. அப்புறம் நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது? அதான் யாருக்கும் தெரியாம பெரிய இஞ்சின் போட்டுக் குடுடான்னு ஜெயராஜைக் கேட்டேன். சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"வேணாம்னான். 'காடியோட உடம்பு இந்த இஞ்சினைத் தாங்காது, பிரேக்கு பத்தாது, மூக்கை வெட்டுனா பார்க்க சகிக்காது'ன்னான். நான்தான் விடல."

"இருசம்மாக்கா சொன்னதை நீங்கதான மலாய்ல சொன்னீங்க?"

"நான்தான்." குரல் அடங்கிப்போனது. "முதல் வார்த்தையிலயே எனக்குப் புரிஞ்சிருச்சு. இது என் பேச்சுன்னு. இன்ஸ்பெக்டரு 'பெரிசுன்னா யாரு'ன்னாரு. அந்தம்மா 'பெரிய தொரை'ன்னுச்சு. நானும் 'துவான் பெசார்'னு சொல்லிட்டேன். ஒரு வார்த்தைதான். 'இல்லைங்க, அது இஞ்சின்'னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா என் காடி நின்ன இடத்துலதான் சுட்டாங்க. நான் வேணும்னே நிறுத்துனேன்னு சொல்லிட்டாங்கன்னா? தூக்குல போட்டுடுவாங்க சார். பயந்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்லணும் சொல்லணும்னு..." முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். "வெக்கமா இருக்கும்மா. உன் முகத்தைப் பார்க்க முடியல."

"அவரைப் பிடிச்சுட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலம் நீங்கதான ஐயா பிஸ்கட் டின்னோட வந்தீங்க?" என்றாள் அகதா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கடவுள் மாதிரி வந்தீங்கன்னு உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டேனே."

பஸ்ஸில் எத்தனையோ திருட்டுப் பயல்களைக் காலரைப் பிடித்து இறக்கியவன் நான். இந்தப் பெரிய மனுஷரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. காலையில் நான் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தது யாரை என்று நினைத்தபோது கையைக் கழுவ வேண்டும் போலிருந்தது.

"நானே போய்ச் சொல்லிடவா ஐயா?" என்று அண்ணன் கேட்டார். "இல்ல, நீங்க சொல்றீங்களா?"

ரங்கசாமி சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க தம்பி. நானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன்."

அகதா பக்கத்து வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு எங்களோடு ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியில், மொட்டைமேட்டின் இந்தப் பக்க ஏற்றத்திலும் காடி நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் ரங்கசாமி இறங்கிப் பின்னால் போய்விட்டார். இறங்கப் போன என்னை அண்ணன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ ஸ்டீயரிங்கைப் பாரு."

மேட்டின் ஓரத்தில் வேலிக்குள் தொழிலாளர் லயத்து ஜனங்கள் நின்றார்கள். "டேய், பெரிய கிராணி தள்ளுறாருடா!" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைக் கால்சட்டை முழங்கால்வரை செம்மண். ஒருமுறை வழுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி தோளைக் கொடுத்தார். மேட்டின் உச்சியில் மூச்சிரைக்க வந்து ஏறிக்கொண்டார். அகதா நகர்ந்து இடம் விட்டாள். பேசவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். மலாய்க்காரர், வயதானவர். தமிழ் நாலு வார்த்தை தெரியும், அதுவும் திட்டும் வார்த்தை. ரங்கசாமியே மலாயில் எல்லாவற்றையும் சொன்னார். நான் ஜன்னல் வழியாகக் காடியைக் காட்டி, "அந்தப் பொம்பளை அதோ நிக்கிறா துவான்" என்றேன் எனக்குத் தெரிந்த மலாயில். இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கான்ஸ்டபிள்களும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"கதை நல்லா இருக்கு. ஆனா மெக்கானிக்கைக் காப்பாத்த யாரு வேணும்னாலும் வந்து இஞ்சின் கதை சொல்லலாம். அன்னைக்கு என் முன்னால நின்னு துவான் பெசார்னு சொன்னதும் இதே வாய்தான. இப்ப சொல்றதை நான் ஏன் நம்பணும்?"

ரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.   அத்தனை துப்பும் சரி, ஆனால் சொல்லும் வாய் பொய் வாய்.

"அவனைக் கொண்டு வாங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஜெயராஜைக் கொண்டு வந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது, கையில் விலங்கு. அகதா என் பின்னால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. செம்மண் அப்பிய கால்சட்டையோடு இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் தலைகுனிந்து நின்ற ரங்கசாமியைத்தான் பார்த்தான். அவரையும் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளிறிப்போய்விட்டது.

"ஐயா!" என்றான் பதறிப்போய். "சத்தியமா நான் உங்க பேரைச் சொல்லலைங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன சொல்றான்?"

மருதமுத்து அண்ணன் வாயைத் திறந்தார். ரங்கசாமி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"நான் சொல்றேன்" என்றார். பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்து, ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், தெளிவான மலாயில் சொன்னார்:

"'ஐயா, சத்தியமாக நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை' என்கிறான், துவான். அந்த 'ஐயா' நான்தான்."